தொழிற்பெரியார் தாமஸ் பிராஸி

பொருளீட்டும் துறைகள் பலவற்றுள்ளும், பிறர்க்கென வீடும் பாலமும் வழியும் அமைத்துக் கொடுத்து அதற்குரிய ஊதியம் பெறுதலாகிய குத்தகைத் தொழில் மிக நுட்பமானதொன்றாம். உழவன் தான் விளைத்த நெல்லை அளந்து கொடுத்து அப்பொழுதே விலை பெறுகின்றான். வணிகன் பண்டத்தைத் துலாக்கோலிலிட்டுக் காட்டிக் காசு வாங்குகின்றான். குத்தகைக்காரனோ மண்ணுள் மறைந்த கடைகாலுக்கும், பூச்சினுள் மறைந்த செங்கல்லுக்கும், தளத்தினடியில் மறைந்த சல்லிக்கும் பின்னர்க் கணக்கெழுதிப் பணங்கேட்க வேண்டியவனாகின்றான். அக்கணக்கை மெய்யெனக் கொள்ளுதற்கு அவன் சொல்லும் அவன் ஏடுமன்றி வேறு சான்று பெரும்பாலும் இல்லை. வாணிகம் செய்வார் பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதல் வேண்டுமெனத் திருவள்ளுவனார் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தியது இத்தொழிலினர்க்கு இரட்டிப்பாகப் பொருந்தும் என்க.

நம் மரபிற் பிறந்த இளைஞர் பலர் இன்று கட்டடக் குத்தகையில் ஈடுபட்டிருத்தல் யாவரும் அறிந்ததே. அவர்களுட் சிலர் தொழிலிற் கேடுற்றதை உசாவிப் பார்க்குங்கால், கொல்லற்றினாலும் நூற்குண்டினாலும் நேர்ந்த பிழை சிறிதாகவும், பில் என வழங்கும் கணக்குப் பட்டியலால் நேர்ந்த பிழை பெரிதாகவும் காணப்படுகின்றது. என் தாய்மாமன் ஒருவர் சிற்றூரொன்றிற் குத்தகை வேலை செய்து வாழ்ந்தவர். கைத்திறனில் அவரை மிஞ்சுவார் அவ்வட்டாரத்தில் இலர். நெடுநாள் நண்பரான செல்வர் ஒருவர்க்கு வீடு கட்டுங்கால், அவர் இடையிடையே வாய்மொழியாகச் சொல்லிய மாற்றங்களையெல்லாம் முகமலர்ந்து செய்தார். மேல்மாடியில் ஓர் அறை, பின்கட்டில் ஒரு தாழ்வாரம், கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் என வேலை வளர்ந்தது. ஒன்றையும் அன்றன்று எழுதிவைத்தாரல்லர். முடிவில் நினைவினின்று எழுதிய பட்டியல், பேசிய தொகையினும் மூன்றிலொரு பங்கு மிகுதியாய் நின்றது. வீட்டுக்காரர் தாம் ஏமாற்றப்பட்டதாக நினைந்தார். மாமன் தம் உழைப்பு மறுக்கப்பட்டதாக நினைந்தார். இருவரும் பொய்யரல்லர். ஆயினும் நட்பு முறிந்தது. மாமன் தாம் குடியிருந்த வீட்டை விற்றுக் கூலியாட்களின் பாக்கியைத் தீர்த்தார். அந்நாள் தொட்டு இப்பொருள் என் உள்ளத்தை விட்டு நீங்கியதில்லை. ஆகவே, குத்தகைத் தொழிலில் உலகம் காணாத அளவு உயர்ந்தும், கொடுக்கல் வாங்கலில் நேர்மை குன்றாது வாழ்ந்தும் மறைந்த ஆங்கிலப் பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தேன்.

பிறப்பும் பயிற்சியும்

தாமஸ் பிராஸி என்பார் இங்கிலாந்து தேயத்திற் செஷையர் மாகாணத்துப் பியூர்ட்டன் என்னும் ஊரில் 1805 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நிலபுலமுடைய உழவர். பன்னிரண்டு வயது வரை வீட்டிலும், பின்னர்ச் செஸ்டர் நகரப் பள்ளியிலும் பயின்ற இவர், பதினாறாம் வயதில் வில்லியம் லாட்டன் என்னும் நில அளவையாளரிடம் தொழில் பழகப் புகுந்தார். சங்கிலி பிடித்து நிலம் அளத்தலும், மேடுபள்ளம் நோக்கி மட்டம் எடுத்தலும், மண்ணின் கன அளவைக் கணித்தலும் இவருக்கு இளமையிலேயே கைவந்தன. மனக்கணக்கில் இவர் பெருவல்லவர். பிற்காலத்தில் இவர் எய்திய பேறுகளுக்கெல்லாம் வித்து, தாம் விலை கூறும் வேலையைத் தாமே அளந்தறியும் இவ்வாற்றலே என்பது என் துணிபு.

இருபத்தொன்றாம் வயதில் லாட்டன் இவரைத் தம் கூட்டாளியாக்கிக் கொண்டு, பெர்க்கன்ஹெட் என்னும் ஊரில் இருந்து தொழில் நடத்துமாறு பணித்தார். அக்காலத்து அவ்வூர் ஒரு சிறு குடியிருப்பே. லிவர்ப்பூல் நகருக்கு எதிர்க்கரையில் இருந்தமையால் விரைந்து வளர்ந்தது. பிராஸியும் அங்கே செங்கற் சூளையும், சுண்ணாம்புக் காளவாயும், கற்சுரங்கமும் நடத்தினார். லாட்டன் இறந்தபின் தொழில் முழுதும் இவர் பொறுப்பாயிற்று. செங்கல்லும் சுண்ணாம்பும் கல்லும் என்ன விலைக்கு எடுக்கப்படுகின்றன, எவ்வளவு சேதமாகின்றன, எத்துணை வண்டிக் கூலி ஆகின்றது என்பவற்றைத் தம் கையால் எழுதிக் கற்றவர் இவர்.

முதற் குத்தகை

லிவர்ப்பூலுக்கும் மாஞ்செஸ்டருக்கும் இடையே இருப்புப் பாதை அமைந்துகொண்டிருந்த காலம் அது. ஸாங்கி என்னும் இடத்துப் பாலத்திற்குக் கல் தேடி வந்த பொறியியற் பேரறிஞர் ஜியார்ஜ் ஸ்டீவன்ஸன் இவருடைய ஸ்டோர்ட்டன் கற்சுரங்கத்தைக் கண்டு, இவர் திறமையையும் உணர்ந்தார். இருப்புப் பாதை வேலையில் ஈடுபடுமாறு இவருக்கு ஊக்கம் பிறந்தது அப்பழக்கத்தாலேயாம். 1831 இல் இவர் மணந்த மரியா ஹாரிஸன் என்னும் அம்மையாரும் இத்துறையிற் புகுமாறு கணவரைத் தூண்டினார். தொழில் நிமித்தம் பலமுறை வீடு பெயர்ந்தும், பிராஸிக்கு வாராத பிரெஞ்சு மொழியைத் தாம் பேசியும் அவ்வம்மையார் வாழ்நாள் முழுதும் துணைநின்றார்.

டட்டன் என்னுமிடத்து நெடும்பாலத்திற்கு இவர் கொடுத்த முதல் டெண்டர் ஏற்கப்படவில்லை. வில்லியம் மக்கென்ஸி என்பவர் 5,000 பவுன் குறைத்துக் கேட்டமையால் அவருக்கே அவ்வேலை சென்றது. தோற்றதற்காகப் பிராஸி பிறரை இகழ்ந்தாரல்லர். அம்மக்கென்ஸியே பின்னாளில் இவருக்குக் கூட்டாளியானார். 1835 இற் பென்க்ரிட்ஜ் என்னும் ஊர்ப் பாலமும் அதனைச் சார்ந்த 10 மைல் பாதையும் இவருக்குக் கிடைத்தன. அப்பாதை 1837 இல் திறக்கப்பட்டது. அப்பாலத்தின்மீது இன்றும் புகைவண்டிகள் ஓடுகின்றன.

அவ்வேலையின்போது ஸ்டீவன்ஸனுக்குப் பின் பொறுப்பேற்றவர் ஜோசப் லாக் என்னும் பொறியியலார். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு பகுதியையும் வரைபடத்தாலும் விவரக் குறிப்பாலும் ஐயத்திற்கு இடமின்றி வகுத்துக் கொடுத்தல் அவர் வழக்கம். வேலை இன்னதென்று தெளியாதபொழுது குத்தகைக்காரன் அச்சத்தினால் விலையை ஏற்றிக் கூறுவான். அன்றேல் குறைத்துக் கூறிப் பின்னர் அதிகப்படி வேலையென்று பட்டியலை வளர்ப்பான். தெளிந்த குறிப்பு இருபாலார்க்கும் காவலாகின்றது. லாக் எழுதிய குறிப்பும், பிராஸி கூறிய விலையும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றமையால், 1860 இல் லாக் மறையுமளவும் இருவர் நட்பும் வளர்ந்தே வந்தது.

அளவும் பட்டியலும்

இவ்விடத்து அக்காலத்துக் குத்தகைப் பணம் எவ்வாறு கைமாறியது என்பதை விளக்குதல் வேண்டும். கம்பெனியார் வரைபடமும் விவரக் குறிப்பும் கொடுப்பர். குத்தகைக்காரர் மண்வெட்டுக்கு இவ்வளவு, பாறைவெட்டுக்கு இவ்வளவு, கட்டுவேலைக்கு இவ்வளவு என விலைவரிசை எழுதிக் கையொப்பமிடுவார். திங்கள்தோறும் பொறியியலார் முடிந்த வேலையை அளந்து சான்றுச் சீட்டு எழுதுவார். அச்சீட்டின்படி கம்பெனி பணங்கொடுக்குங்கால் ஒரு பகுதியைப் பிடித்தமாக நிறுத்திக்கொள்ளும். வேலை முடிந்து, பழுதுபார்க்கும் தவணையும் கழிந்த பின்னரே அப்பிடித்தம் திரும்ப வரும். நம் நாட்டில் இன்று பொதுப்பணித் துறையினர் அளவுப் புத்தகத்திற் பதிந்து பில் எழுதும் முறைக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே.

முறை இங்ஙனம் ஒழுங்காயிருப்பவும் வழக்குகள் எழுந்தன. மண்ணென்று நினைத்த இடத்திற் பாறை காண்பதும், உடையவர் இடையில் மனம் மாறுவதும், கூலியும் பொருள் விலையும் ஏறுவதும் ஆகிய மூன்றும் வழக்கிற்குப் பிறப்பிடங்கள். கிரேட் வெஸ்டர்ன் இருப்புப் பாதைக் கம்பெனியின் பொறியியலார் புரூனல், குத்தகைக்காரரிடம் மிகக் கடுமையாய் நடந்தவர். அக்கம்பெனி வேலையைச் செய்த ஹியூ மக்கின்டாஷ் என்பவர் தமக்கு வரவேண்டிய பணத்தைக் காணாமலே 1840 இல் இறந்தார். அவர் வழியினர் நடத்திய வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டு, முடிவில் அவர்கள் பக்கமே தீர்ந்தது. வென்றும் பயனென்னை? உழைத்தவன் கண்மூடிய பின்னர் வந்த பொருள் அவன் பசிக்கு உதவவில்லையன்றோ?

பிராஸி இத்தகைய வழக்குகளைக் கூடியவரை அணுகவிடாதவர். சிறுசிறு குறைகளைப் பெரிதாக்கி அதிகப்படி கேட்டு நிற்றல் அவர் இயல்பன்று. ஆயினும் இதனைக் கணக்கின்மையென்று கொள்ளற்க. தம் வேலையின் அடக்கவிலையை ஆழ்ந்தறிந்து, அதற்கேற்ற ஊதியம் சேர்த்து முதலிலேயே விலை கூறியமையால், இடையிற் சிறு நட்டம் நேர்ந்தவழி அதனைத் தாங்கும் இடம் அவ்விலையினுள்ளேயே இருந்தது. முதலில் இழித்துக் கேட்டு முடிவில் ஏற்றிக் கேட்போர்க்கு அவ்வமைதி வாய்ப்பதில்லை.

பாரந்தன் பாலம்

1841 இற் பிரெஞ்சு நாட்டிற் பாரிஸ் நகரினின்று ரூவன் நகருக்கு 82 மைல் பாதை அமைக்கும் வேலையைப் பிராஸியும் மக்கென்ஸியும் கூட்டாக ஏற்று 1843 இல் முடித்தனர். பின்னர் அதனை ஹாவர் துறைமுகம் வரை நீட்டும் வேலையும் அவர்கட்கே கிடைத்தது. அவ்வழியிற் பாரந்தன் என்னும் ஊரருகே பள்ளத்தாக்கொன்றைக் கடத்தற்கு 27 வளைவுகள் உடையதாய், ஏறத்தாழ 100 அடி உயரத்திற் செங்கற் பாலம் ஒன்று கட்டப்பட்டது. அதற்கான செலவு 50,000 பவுன் அளவினது. 1846 ஜனவரித் திங்களில், சில நாள் பெருமழைக்குப் பின், அப்பாலம் முழுதும் இடிந்து விழுந்தது. புகைவண்டி ஓடத் தொடங்குமுன் நேர்ந்த விபத்து அது.

விழுந்ததற்குக் காரணம் இதுவென்று ஒருதலையாகத் துணியப்படவில்லை. சாந்திற்குச் சேர்த்த சுண்ணாம்பின்மேலேயே ஐயம் மிகுதியாய்ச் சென்றது. சுண்ணாம்பை அவ்வட்டாரத்திலேயே எடுத்தல் வேண்டுமென்பது ஒப்பந்தத்தின் விதி. ஆகவே குற்றம் விதித்தவர் பாலதா, கட்டியவர் பாலதா என்று நெடுநாள் வழக்காடுதற்குப் பிராஸிக்கு இடம் இருந்தது. நியாயவாதிகளும் அதற்கு ஆயத்தமாகவே இருந்திருப்பர். ஆனால் அவரோ, பாதையை அமைத்து நல்ல நிலையில் ஒப்புவிப்பதாகத் தாம் சொல்லிய சொல்லொன்றையே நோக்கினார். கம்பெனிக்கு ஒரு காசும் பட்டியலிடாது, தம் கூட்டாளியுடன் தம் செலவிலேயே பாலத்தை மீட்டுங் கட்டினார். இம்முறை சுண்ணாம்பைத் தாமே தேர்ந்தெடுத்தார். சில திங்களுக்குள் பாலம் எழுந்தது; 1847 மார்ச்சில் அப்பாதை திறக்கப்பட்டது. அன்று எழுந்த அப்பாலம் இன்றும் நின்று வண்டிகளைத் தாங்குகின்றது.

இச்செயலைக் கேட்பார் சிலர், பெருஞ்செல்வர்க்கு இஃது எளிதென்பர். உண்மையே, கையிற் பொருளில்லாதான் இங்ஙனம் செய்யப் புகுந்தால் தானும் கெட்டுத் தன்னை நம்பிய கூலியாட்களையும் கெடுப்பான். வேறு சிலர், இஃது ஒரு வாணிகத் தந்திரம், இதனாற் பெற்ற நற்பெயர் இழந்த பொருளினும் பெரிது என்பர். அதனையும் மறுக்கின்றேனல்லேன். நற்பெயர் ஊதியமாகத் திரும்பி வருதல் அறத்திற்கு இழுக்காகாது. ஆயின், பாலம் சரிந்த அன்று அவ்வூதியம் வருமென்று உறுதி கூறினார் ஒருவருமிலர் என்பதை நாம் மறத்தலாகாது.

உட்குத்தகையாளரிடம் நடந்த முறை

தாம் பிறரிடம் பட்டியல் கொடுத்துப் பணம் வாங்குங்கால் நேர்மையுடையராய், தமக்குப் பிறர் பட்டியல் கொடுக்குங்கால் கடுமையுடையராய் ஒழுகுவோர் பலர். பிராஸியின் பெருமை இரண்டிடத்தும் ஒன்றாய் நின்றது. ஒரு பெரிய பாதையை அவர் பல கூறாக்கி உட்குத்தகையாளர்க்குப் பகிர்ந்து கொடுப்பார். அக்கூறுகள் 5,000 பவுன் முதல் 25,000 பவுன் வரை மதிப்புடையன; ஒவ்வொருவரிடமும் 100 முதல் 300 பேர் வரை வேலை செய்வர். விலையைப் பிராஸியே குறிப்பார். அவர்கள் பெரும்பாலும் மறுமொழியின்றி ஏற்பர். ஏனெனில், அவ்விலையால் ஒருவனைக் கெடவிடுதல் அவர் வழக்கமன்றென்பதை யாவரும் அறிந்திருந்தனர்.

பாதை நெடுக நடந்து வேலையைப் பார்வையிடுதல் அவர்க்கு இயல்பு. ஓரிடத்து மண்வெட்டிற் பாறை குறுக்கிட்டு உட்குத்தகையாளன் இடர்ப்படுவதைக் கண்டால், எத்தனை ஆள், எத்தனை நாள், எவ்வளவு வெட்டப்பட்டது என்று வினவுவார், மனத்திற் கணக்கிடுவார், அவன் விண்ணப்பம் எழுதுமுன்னரே விலையைத் தாமே உயர்த்திக் கூறிவிட்டு அப்பாற் செல்வார். ஒப்பந்தத்தைக் காட்டி அவனை வாயடக்குதல் அவர்க்கு எளிதே. ஆயினும் நட்டத்தில் வேலை செய்வான் நன்றாகச் செய்யமாட்டான் என்பதும், நல்ல தொழிலாளி ஒருவன் அழிந்தால் அடுத்த வேலைக்கு அவனைப்போல் ஒருவன் கிடைப்பது அரிது என்பதும் அவர் தெளிந்தவை. இரக்கமும் அறிவும் ஒருவழிப்பட்டுச் சென்ற இடம் இது.

மண்வெட்டும் கூலியாட்களையும் பத்துப் பதின்மூவர் கொண்ட குழுக்களாக்கி, ஒரு குறித்த வேலைக்கு ஒரு குறித்த தொகையென்று பேசி, அத்தொகையை அவர்கள் தமக்குள் ஒப்பப் பகிர்ந்துகொள்ளவும், தலைவனுக்கு மட்டும் சிறிது மிகுதி கிடைக்கவும் வகைசெய்தல் அவர் விரும்பிய முறை. தான் செய்த வேலையின் அளவும், அதற்கு வரும் காசும் கூலியாளுக்கும் தெரிந்திருத்தல் வேண்டுமென்பது இதன் கருத்து. அவர் தொழில் மிகப் பெருகியிருந்த காலத்தில் ஏறத்தாழ 80,000 பேர் அவர் வேலைகளில் உழைத்தனர். 1847 அளவில் பிரிட்டனிலிருந்த இருப்புப் பாதைகளில் மூன்றிலொரு பங்கு அவர் அமைத்தது என்பர். நம் பாரத நாட்டிலும் கிழக்கு வங்காள இருப்புப் பாதையும் டில்லி இருப்புப் பாதையும் அவரும் அவர் கூட்டாளிகளும் குத்தகை எடுத்துச் செய்தனவே.

ஊதியமில்லாப் பட்டியல்

1854 இல் கிரிமியா நாட்டில் ஆங்கிலப் படை செவாஸ்டபோல் கோட்டையை முற்றியிருந்தது. பாலக்ளாவா துறையில் உணவும் உடையும் மருந்தும் குவிந்து கிடப்ப, சில மைல் தொலைவில் போர்வீரர் குளிராலும் பசியாலும் மடிந்தனர். இடையிலிருந்த வழி சேறாய்ப் போனமையே காரணம். அப்பொழுது ஸர் மார்ட்டன் பீட்டோ, பெட்ஸ், பிராஸி என்னும் மூவரும் அங்கே இருப்புப் பாதை அமைத்துக் கொடுக்க முன்வந்தனர். ஆன செலவை மட்டும் அரசினர் கொடுத்தாற் போதும், ஊதியம் வேண்டா என்றனர். 1855 பிப்ரவரியிற் கூலியாட்கள் வேலை தொடங்கினர். ஏழு வாரத்தில் ஏழு மைல் பாதை அமைந்தது. அடக்கவிலைப் பட்டியல் எழுதுதல் ஊதியப் பட்டியல் எழுதுவதினும் கடினமானது. எல்லாச் செலவையும் மறைவின்றித் திறந்து காட்ட வல்லவர்க்கே அது கூடும்.

காகிதப் பணம்

இனி அவர்க்கு நேர்ந்த இடர்களையும் கூறுதல் வேண்டும். கூறாவிடின் இவ்வரலாறு புகழ்மாலையாய் முடியும். அக்காலத்து இருப்புப் பாதைக் கம்பெனிகள் பல, குத்தகைக்காரர்க்கு ரொக்கமாகக் கொடாது, ஒரு பகுதியைப் பங்குப் பத்திரமாகவும் கடன் பத்திரமாகவும் கொடுத்தன. கம்பெனி செழித்தால் அக்காகிதம் பொன். கம்பெனி நொந்தால் அது வெறுங் காகிதமே. 1850 ஆம் ஆண்டுகளிற் கானடா நாட்டிற் பிராஸியும் பீட்டோ முதலியோரும் எடுத்த கிராண்டு டிரங்கு இருப்புப் பாதை இதற்குச் சான்று. கடுங்குளிரும், ஆட்குறையும், கூலியேற்றமும் மதிப்பீட்டைப் பொய்யாக்கின. மான்ட்ரியல் நகரில் ஸெயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் அவர்கள் கட்டிய விக்டோரியா பாலம் 1859 இல் முடிந்து உலகம் வியக்க நின்றது. அதற்கான இரும்புப் பகுதிகளைச் செய்தற்கென்றே பெர்க்கன்ஹெட்டில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. புகழ் பெரிதாயிற்று, குத்தகைக்காரர்க்கோ பெருநட்டம்.

1866 மே 10 ஆம் நாள் லண்டனில் ஓவரெண்டு கர்னி என்னும் பெரிய பணக்கடை மூடப்பட்டது. ஊரெங்கும் கடன் கிடைப்பது அரிதாயிற்று. காகிதப் பணத்தை மிகுதியாய் நம்பியிருந்த பீட்டோவும் பெட்ஸும் வீழ்ந்தனர். அவ்விருவரும் திறமையிலோ நல்லெண்ணத்திலோ குறைந்தவரல்லர் என்பதை நோக்கும்போது நெஞ்சம் நடுங்குகின்றது. பிராஸியின் பொருளும் அசைந்தது, ஆனால் வீழவில்லை.

அவ்வாண்டிலேயே ஆஸ்திரிய நாட்டிற்கும் பிரஷிய நாட்டிற்கும் போர் மூண்டது. இன்று உக்ரேன் நாட்டிலுள்ள லெம்பர்க், செர்னோவிட்ஸ் என்னும் நகரங்களிடையே பிராஸியின் ஆட்கள் பாதை போட்டுக்கொண்டிருந்தனர். அவர்கட்குக் கூலி கொடுக்க வேண்டிய பணத்தைப் போர்முனை கடந்து கொண்டுசெல்ல வழியில்லை. அக்கம்பெனியைச் சேர்ந்த ஆபென்ஹைம் என்பவர் பழைய எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, அஞ்சிய ஓட்டுநனைத் தேற்றி, காவற்படையினர் தடுக்குமுன் காற்றெனக் கடந்து பணத்தைக் கொண்டு சேர்த்தார். கூலி நின்றிருந்தால் ஆட்கள் கலைந்திருப்பர். கம்பெனி பட்டியலுக்குப் பணம் தருமளவும் காத்திருத்தல் முதலாளிக்கு இயலும். நாட்கூலி வாங்குவோனுக்கு இயலாது. அப்பாதை அவ்வாண்டிலேயே திறக்கப்பட்டது.

இறுதிக் காலம்

பின்னர் உடல்நலங் குன்றிய பிராஸி, நோயினிடையும் வேலைகளைப் பார்வையிடுதலை விட்டாரல்லர். பிரெஞ்சு, இத்தாலிய, ஆஸ்திரிய அரசுகள் அவருக்குச் சிறப்புப் பட்டங்களும் பதக்கங்களும் வழங்கின. அவற்றை அவர் அணிந்து திரிந்ததில்லை. 1870 டிசம்பர் 8 ஆம் நாள் ஸெயின்ட் லெனார்ட்ஸ் என்னும் கடற்கரையூரில் உயிர்நீத்து, கேட்ஸ்பீல்டு என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பொருள் 50 இலட்சம் பவுனுக்கு மேற்பட்டது.

அவர் மூத்த மைந்தர், தந்தையின் பெயரே பூண்டவர், 1872 இல் உழைப்பும் கூலியும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பல நாடுகளில் தந்தையார் செய்த வேலைகளின் கணக்குகளே அந்நூற்கு ஆதாரம். கூலி குறைந்த நாட்டில் வேலையின் அடக்கவிலையும் குறையுமென்று எண்ணுதல் தவறென்றும், நன்கு கூலி பெற்று நன்கு உண்பவன் செய்யும் வேலை முடிவில் விலையேறுவதில்லை என்றும் அக்கணக்குகளினின்று அவர் காட்டினார். ஒரு குத்தகைக்காரரின் கணக்கேடுகள் அவர் மறைந்தபின் உலகிற்கு ஒரு பொருளியலுண்மையைப் புலப்படுத்தின என்றால், அவை எத்துணைத் தெளிவாய் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்!

நாம் கொள்ளத்தக்கன

அன்பர்காள்! பிராஸியைப்போற் பாலம் இடிந்தால் தம் செலவிற் கட்டுதல் நம்மில் எல்லார்க்கும் இயலாது. ஆயினும் அவர் வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்கன சில உள.

முதலாவது, வேலை தொடங்குமுன் இன்னது செய்வது, இன்னது செய்யாதது என்பதை எழுத்தில் அமைத்தல். நண்பர் வீடாயினும், உறவினர் வீடாயினும், இதனைக் கேட்க நாணுதல் ஆகாது. எழுத்து நட்பிற்குப் பகையன்று. அதுவே நட்பின் வேலி.

இரண்டாவது, நட்டத்தின் வகையறிந்து ஒழுகுதல். நம் பிழையால் வந்த நட்டத்தைப் பட்டியலில் ஏற்றுதல் களவாகும். அதனை நாமே தாங்குதல் வேண்டும். உடையவர் சொல்லிச் செய்த மாற்றத்தை எழுதாது விடுதல் பெருந்தன்மையன்று, சோம்பலே; செய்யுமுன் அதன் விலையைச் சொல்லி, அவர் கையொப்பம் பெற்று, அத்திங்கட் பட்டியலிலேயே சேர்த்தல் வேண்டும். பாறை கண்டதுபோல் இருவரும் எதிர்பாராது வந்ததை, வேலையை அங்கேயே நிறுத்தி, உடையவரை அழைத்துக் காட்டி, பேசித் தீர்த்துக்கொண்டு மேற்செல்லுதல் வேண்டும்.

மூன்றாவது, மண்ணுள்ளும் பூச்சினுள்ளும் மறையும் வேலையை மறையுமுன் உடையவரோடு கூடி அளந்து பதிதல். பின்னர் எழும் பூசல்களிற் பாதி இதனாலேயே ஒழியும்.

நான்காவது, பட்டியலை முடிவிற்கென்று தேக்கிவையாது, வேலையின் படிதோறும் கொடுத்தல். சிறு பட்டியலைப் படித்து ஒப்புக்கொள்வோர், பெரும் பட்டியலைக் கண்டு மலைப்பர். பணத்திற்கு மாறாக வரும் வாக்குறுதியையும் பத்திரத்தையும் அளவோடு நம்புதல் வேண்டுமென்பதற்குப் பீட்டோவின் வீழ்ச்சியே சான்று.

ஐந்தாவது, நம் பட்டியல் நிலுவையில் நிற்பினும் கூலியாளின் கூலி நில்லாதிருத்தல். இதற்கென ஒரு சிறு முதலை ஒதுக்கி வைத்தவனே குத்தகையில் இறங்கத் தக்கவன்.

என் மாமன் நல்லவர், திறமையாளர், பொய் சொல்லாதவர். அவரிடம் இல்லாதது ஆறணா விலையுள்ள ஒரு நோட்டுப் புத்தகமும், அதில் அன்றன்று எழுதும் வழக்கமுமே. அக்குறையொன்றால் ஒரு வீடு போயிற்று. ஒரு நட்பும் போயிற்று. வீட்டை மறுபடியும் தேடிக்கொள்ளலாம். நண்பர் இருவரும் மறுபடி ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே மறைந்தனர். நம் இளைஞர்க்கு அந்நிலை வாராதிருத்தல் வேண்டும். தொழிலில் உண்மையும், கணக்கில் தெளிவும், உழைப்போர்மாட்டு இரக்கமும் உடையராய் அவர்கள் ஓங்குவாராக. அவர்களால் நம் மரபும் நாடும் வாழ்க.